நூறைத் தொட்டவர்கள்

கோகிலவாணிக்கு வயிற்றில் கட்டி இருக்கிறது என்று டாக்டர் ஹசீனா சொல்லிக்கொண்டிருந்தபோது, அவளுடைய கைபேசி மடியில் கிடந்தபடி அதே வயிற்றுக்கு நூற்றுக்கு நூறு மதிப்பெண் காட்டிக்கொண்டிருந்தது. மூன்று மாதமாக அந்தப் பச்சை எண் நூறைவிட்டு இறங்கவில்லை.

"சாதாரணக் கட்டிதானுங்களே டாக்டர்?"

டாக்டர் ஹசீனா சுற்றி வளைத்துப் பேசுகிறவர் இல்லை. "இல்லைம்மா. புற்றுநோய். ஒரே இடத்துல உருண்டையா இருந்தா வெட்டி எடுத்துடலாம். இது வயித்துச் சுவர் பூராவும் பரவியிருக்கு. சுவர் தடிச்சு, பழைய தோல் பை மாதிரி விறைச்சுப் போச்சு. சாப்பிட்டா வயிறு விரியணும் இல்லையா? இது விரியறதே இல்லை." கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "ரெண்டு வாய் சாப்பிட்டதும் நிறைஞ்ச மாதிரி இருந்திருக்கணும். இந்த நோய்க்கு முதல் அறிகுறியே அதுதான். நீங்க எப்படிம்மா கவனிக்காம விட்டீங்க?"

கோகிலவாணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வரக்கூடாத இடத்தில் வருகிற சிரிப்பு. அடக்க அடக்கத் தோளைக் குலுக்கியது.

"ரெண்டு வாய்ல நிறையோணும்னுதானுங்க டாக்டர் நான் ஆபரேசனே பண்ணிக்கிட்டேன்."

டாக்டர் ஹசீனா சிரிக்கவில்லை. வயிற்றுக்குள் என்ன கருவி வைத்திருக்கிறார்கள், எத்தனை வருடமாக இருக்கிறது என்று விசாரித்துத் தெரிந்துகொண்டார். பிறகு செய்ய வேண்டியதைச் சொன்னார். முதலில் அந்தக் கருவியை அணைக்க வேண்டும். வயிற்றை வெட்டி எடுக்கிற அளவுக்கு உடம்பில் தெம்பு இல்லை. சாப்பிட்டுச் சதை போட வேண்டும். அப்புறம் மருந்து, அப்புறம் கத்தி. பிழைப்பீர்கள் என்று சத்தியம் செய்ய மாட்டேன், ஆனால் முயற்சி செய்யாமல் விடவும் மாட்டேன் என்றார்.

"எவ்வளவுங்க சதை போடோணும்?"

"ஒரு ஏழெட்டு கிலோ."

கோகிலவாணிக்கு மறுபடியும் சிரிப்பு வரும்போல் இருந்தது. இந்தத் தடவை வந்தது அழுகை.

*

நம் ஊரில் கால் விந்தி நடக்கிறவரைப் பார்த்து யாரும் வாய்விட்டுச் சிரிப்பதில்லை. அந்த மட்டுக்கு நமக்கு வெட்கம் இருக்கிறது. பருத்த உடம்புக்காரர் என்றால் மட்டும் போகிறவன் வருகிறவன் எல்லாம் எடை போடலாம், தராசுகூடத் தேவையில்லை. கல்யாணப் பந்தியில் கோகிலவாணி உட்கார்ந்தால், "ஏப்பா, நம்ம கோகிலாவுக்கு ரெண்டு இலையாப் போடு" என்று எந்தச் சித்தப்பனாவது சொல்லுவான். பந்தியே சிரிக்கும். அவளும் சேர்ந்து சிரிப்பாள். சிரிக்காவிட்டால், "விளையாட்டுக்குச் சொன்னா கோவிச்சுக்கறா பாரு" என்று அதற்கும் ஒரு பேச்சு வரும்.

கோவையில் பெரிய பட்டுக்கடை ஒன்றில் அவளுக்கு வேலை. சேலையைப் பற்றி அவளுக்குத் தெரிந்த அளவு அந்தக் கடையில் யாருக்கும் தெரியாது. ஆனாலும் நூற்றுப் பதினெட்டு கிலோ இருந்த காலமெல்லாம் அவளைக் கிடங்குக்குள்தான் வைத்திருந்தார்கள். பிரித்துப் போட்ட சேலைகளை மடித்து அடுக்குகிற வேலை. "நின்னுக்கிட்டே இருக்கறது உனக்குச் சிரமம் அம்மிணி" என்பார் முதலாளி. நல்ல மனிதர், குரலில் அக்கறை இருக்கும். அந்த அக்கறைக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கும் தெரியும்.

ஐந்து வருடத்துக்கு முன்னால் அவள் டாக்டர் அர்த்தநாரியிடம் போனாள். எடை குறைக்க வயிற்றைச் சுருக்கி வெட்டித் தைத்த காலம் அப்போதே மலையேறிவிட்டது. அர்த்தநாரி கண்டுபிடித்த கருவியின் பெயர் 'போதும்'. அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரியது. வயிற்றின் மேலே ஓடும் நரம்பில் அதைத் தைத்துவிடுவார்கள். ஆஸ்பத்திரி வாசலிலேயே 'போதும் என்ற மனமே பொன் செய்யும் மருந்து' என்று பெரிதாக எழுதி வைத்திருந்தார்கள்.

"பொன்னும் பொருளும் எவ்வளவு குடுத்தாலும் மனுசன் போதும்னு சொல்ல மாட்டான். சோறு ஒண்ணுக்குத்தான் கையை மறைச்சுப் போதும்பான்" என்று அர்த்தநாரி அன்றைக்கு விளக்கினார். அப்போது அவருக்கு அறுபது வயதிருக்கும். பாடம் நடத்துகிற குரல். "அந்தப் 'போதும்' வயித்துல இருந்து மூளைக்கு ஒரு நரம்பு வழியாப் போகுது. உங்களுக்கு அது முனகலாட்டம் போகுது, மூளைக்குக் கேக்கறதில்லை. நான் என்ன பண்ணியிருக்கறேன்னா, நல்லாக் கேக்கற மாதிரி வேற ஒருத்தரோட 'போதும்'ங்கறதைப் பதிவு பண்ணி வெச்சிருக்கறேன். அதை உங்க நரம்புல ஓட விட்டா, ரெண்டு வாய்க்கே உங்களுக்கு வயிறு நிறைஞ்சிரும்."

"வேற ஒருத்தர்னா யாருங்க சார்?"

அர்த்தநாரி சுவரைக் காட்டினார். மாலை போட்ட படத்தில் மெலிந்த முகமும் பெரிய மூக்குத்தியுமாக ஓர் அம்மாள் இருந்தார்.

"எங்க அண்ணி சுலோச்சனாங்க. காலேஜ் பசங்க, நர்சுங்க, சமையக்காரருன்னு எத்தனையோ பேரை வெச்சுப் பதிவு பண்ணிப் பாத்தேன். எல்லாருக்கும் கோடு ஆடுச்சு. வயிறு நிறைஞ்சாலும் உள்ள ஒரு மூலையில இன்னும் கொஞ்சம் தின்னலாமான்னு ஒரு நப்பாசை இருக்குமில்லீங்க? எங்க வீட்டுல பதினஞ்சு பேரு. அண்ணிதான் எல்லாருக்கும் போட்டுட்டுக் கடைசியா உக்காருவாங்க. ரெண்டு இட்லி. அதுலயும் ஒண்ணரைதான் உள்ள போகும். 'போதும் தம்பி, வயிறு நெறஞ்சு கெடக்குது'ம்பாங்க. ஒரு நாளு அவங்களையே உக்கார வெச்சுப் பதிவு பண்ணேன். அப்படி ஒரு நேர்கோட்டை நான் பாத்ததே இல்லை. காத்தில்லாத வீட்டுல விளக்கு எரியற மாதிரி." எழுந்து படத்து மாலையைச் சரிசெய்தார். "அடுத்த வருசம் போய்ச் சேந்துட்டாங்க. ஆனா அவங்களோட 'போதும்' பதினாலாயிரம் பேரு வயித்துல இருக்குதுங்க."

கோகிலவாணிக்கு அந்தக் கதை ரொம்பப் பிடித்துப்போனது. முகம் தெரியாத ஒரு சீமாட்டியின் நிறைவைவிட, பரிமாறிக் களைத்துக் கடைசியில் உட்கார்ந்த ஒரு பெண்ணின் நிறைவு தனக்குள் இருப்பது பாக்கியம் என்று நினைத்தாள்.

மதிப்பெண் விஷயத்தையும் அவரே சொன்னார். அவளுடைய வயிறு அண்ணியின் வயிற்றை எவ்வளவு நெருங்குகிறதோ அதுதான் மதிப்பெண். எல்லோருக்கும் எழுபது எண்பதில் நிற்கும், ஏனென்றால் கருவி எவ்வளவு பேசினாலும் சொந்த வயிறு கொஞ்சமாவது பசி என்று முனகும். வயிற்றில் ஏதாவது கோளாறு வந்தால் கோடு விலகும், மணி அடிக்கும். பயப்படவே தேவையில்லை என்றார்.

அப்புறம் நடந்தது ஊரே பார்த்த கதை. உடம்பு இறங்கியது. முதலாளியே கிடங்குக்கு வந்து, "முன்னாடி வா அம்மிணி" என்று கூப்பிட்டார். அவள் தோளில் போட்டுக் காட்டிய சேலை மறுபடி மடிப்புக்குப் போனதில்லை. நான்கு வருடம் எழுபத்தெட்டில் நின்ற மதிப்பெண் ஐந்தாம் வருடம் மெல்ல ஏற ஆரம்பித்தது. எண்பத்தைந்து, தொண்ணூற்று மூன்று, கடைசியில் நூறு. நின்றிருந்த எடையும் சேர்ந்து ஒன்பது கிலோ இறங்கியது. "இப்பத்தான் கோகிலா கல்யாணப் பொண்ணாட்டம் இருக்கற" என்றார்கள். நூறைத் தொட்ட அன்று ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பொன்னாடை போர்த்திப் படம் எடுத்து, கூடத்துச் சுவரில் மாட்டினார்கள். அவளுக்கு முன்னால் பத்துப் பேர்தான் நூறைத் தொட்டிருந்தார்கள். அவள் கடை முழுக்க ஒப்புட்டு செய்து கொடுத்தாள். தான் ஒன்றைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டு போதும் என்றாள்.

அந்தக் கடைசி ஒன்பது கிலோ நோய் தின்றது. ஊரே கூடி நின்று அதற்குக் கைதட்டியது. கடையில் வருடாவருடம் நடக்கிற ரத்த தான முகாமில், கொடுக்க இவள் உடம்பில் ரத்தமே இல்லையே என்று திருப்பி அனுப்பியிருக்காவிட்டால் இன்னும் தட்டிக்கொண்டுதான் இருந்திருக்கும்.

*

அவள் புருஷன் தனசேகர் பம்புசெட் பட்டறை வைத்திருந்தான். விஷயத்தைக் கேட்டதும் அவன் முதலில் கை நீட்டியது அவளுடைய கைபேசிக்கு.

"ஏம்புள்ள, நூறு காட்டுதே?"

"காட்டுதுங்க."

"அப்பறம் எப்படிப் புத்து வரும்? அந்தம்மா மிசின் பழசா இருக்கும். வேற எடத்துல பாக்கலாம்."

"மூணு எடத்துல பாத்தாச்சுங்க. உங்ககிட்டச் சொல்லாமத்தான் பாத்தேன்."

அவன் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கல்யாணம் ஆகி முதல் இருபது வருடம் அவளை எந்த விசேஷத்துக்கும் கூட்டிப் போகாதவன், இந்த ஐந்து வருடமாக ஒரு காதுகுத்தைக்கூட விட்டதில்லை. அது அவனுக்கே இப்போது உறைத்திருக்க வேண்டும். கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தான். அது அவன் விரல்களுக்குள் அடங்கி இன்னும் இடம் மிச்சமிருந்தது. "நாந்தான் புள்ள மெலிய மெலிய நல்லாருக்குன்னு சொல்லிட்டே இருந்தேன்" என்று குலுங்கினான்.

"போச்சாது உடுங்க. ஊரே சொல்லுச்சு, நீங்க மட்டுமா?"

ஆனால் கோகிலவாணியின் நெஞ்சில் கிடந்த பாறாங்கல் அதுவல்ல. அது அடுத்த அறையில் இருந்தது. மகள் மகிழினிக்கு வயது இருபத்திமூன்று. அம்மாவின் பழைய உடம்பு அப்படியே அவளுக்கு வந்திருந்தது. பெண் பார்த்துவிட்டுப் போன் பண்ணுகிறோம் என்று போன இரண்டு குடும்பங்கள் இன்னும் போனைத் தேடிக்கொண்டிருந்தன. வருகிற வெள்ளிக்கிழமை அவளுக்கும் அர்த்தநாரி கருவியைத் தைப்பதாக ஏற்பாடு. நூறைத் தொட்ட தாயின் மகள் என்று ஆஸ்பத்திரியில் அவளுக்குத் தனி மரியாதைகூட இருந்தது.

மகி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நிறைய நேரம் அழுதாள். அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, "ஆனா அதுக்கும் ஆபரேசனுக்கும் சம்பந்தமில்லீம்மா" என்றாள். "கருவி வெக்காதவங்களுக்கும்தான் புத்து வருது. நான் வெள்ளிக்கிழமை பண்ணிக்கத்தான் போறேன்."

"மகி..."

"நீ மட்டும் அஞ்சு வருசம் நிம்மதியா இருந்தியில்ல? கண்ணாடி முன்னாடி நின்னு சேலை கட்டுனியில்ல? எனக்கு அந்த அஞ்சு வருசம் வேண்டாமா?"

மகள் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அந்த ஐந்து வருடத்தை யாராவது திருப்பிக் கேட்டால் தன்னாலேயே கொடுத்துவிட முடியுமா என்று கோகிலவாணிக்குத் தெரியவில்லை.

"சரி கண்ணு" என்றாள் கடைசியில். "எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியோணும். கோளாறு வந்தா மணி அடிக்கும்னாங்க. எனக்கு அடிக்கல. ஏன் அடிக்கலைன்னு தெரியாம நீ அந்தக் கட்டில்ல படுக்கக்கூடாது. தெரிஞ்சதுக்கப்பறம் நீ என்ன பண்ணுனாலும் நான் தடுக்கல."

"அப்ப நாளைக்குக் கருவியை அணைக்கப் போறப்ப நானும் வர்றேன். டாக்டரையே கேக்கலாம்."

*

அர்த்தநாரிக்கு ஐந்து வருடத்தில் தலை முழுக்க நரைத்திருந்தது. ஹசீனா அனுப்பிய படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். முகம் சுண்டிப்போனது. வேஷம் போடுகிற மனிதர் இல்லை என்று கோகிலவாணிக்குத் தெரிந்தது. உண்மையிலேயே அவருக்குப் புரியவில்லை.

"நூறுன்னா உங்க வயிறு எங்க அண்ணி வயிறு மாதிரியே பேசுதுன்னு அர்த்தம் அம்மிணி. கட்டி இருக்கற வயிறு எப்படி அப்படிப் பேசும்? கோடு கோணியிருக்கோணுமே. கட்டி ரொம்பப் புதுசா இருக்கும். போன வாரம், முந்தின வாரம் வந்ததா இருக்கும்."

"ஒரு வருசத்துக்கு மேல ஆகியிருக்கும்னு ஹசீனாம்மா சொன்னாங்க."

"அப்படீன்னா இது லட்சத்துல ஒண்ணு. நான் தப்பிச்சுக்கறதுக்காகச் சொல்லலீங்க. எதனாலேன்னு தோண்டிக் கண்டுபிடிக்கறேன்." மகியின் பக்கம் திரும்பினார். "நீ பயப்படாத கண்ணு. உனக்கு இப்படி நடக்காது."

மகி அம்மாவைப் பார்த்தாள். பார்த்தியா என்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை.

கருவியை அணைப்பது சின்ன வேலை. கோகிலவாணியைச் சாய்வு நாற்காலியில் உட்கார வைத்து, விலா எலும்புக்குக் கீழே உள்ளங்கை அளவு வட்டு ஒன்றை ஒட்டினார்கள். எதிர்ச் சுவர்த் திரையில் இரண்டு கோடுகள் ஓட ஆரம்பித்தன. நீலக் கோடு அண்ணியுடையது, பதிவு செய்தது. மஞ்சள் கோடு கோகிலவாணியின் நரம்பில் இப்போது ஓடுவது. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, மஞ்சள் விளிம்பு கட்டிய நீலச் சேலைக் கரைபோல் போய்க்கொண்டிருந்தது. ஓரத்தில் நூறு என்ற எண்.

நர்ஸ் ஒரு தட்டில் ஆவி பறக்கும் இட்லிகளும் சட்னியும் கொண்டுவந்து வைத்தாள். அது அந்த ஆஸ்பத்திரியின் வழக்கம். கர்ப்பத்துக்காகவோ வேறு காரணத்துக்காகவோ கருவியை அணைத்துக்கொள்ளும்போது, அத்தனை காலமாக வாயடைத்துக் கிடந்த பசி அவிழ்த்துவிட்ட காளையாட்டம் பாயும். முன்பு ஒருத்தி பசி தாங்காமல் மேசை மேலிருந்த பூங்கொத்தைக் கடித்துவிட்டாளாம். அதிலிருந்து இட்லி.

"அணைச்சதும் மஞ்சக் கோடு தடதடன்னு கீழ விழும்" என்றார் அர்த்தநாரி. "இருபதுக்கு வரும், முப்பதுக்கு வரும். பயந்துக்காதீங்க. வயிறு கத்தும். வலியும் தெரியலாம், இத்தனை நாள் கருவி அதையும் சேத்து அமுக்கி வெச்சிருக்கும். மெதுவாச் சாப்பிடுங்க."

கோகிலவாணி கண்ணை மூடிக்கொண்டாள். பயமாக இருந்தது, கூடவே ஓர் ஆசையும் இருந்தது. அம்மா வீட்டில் அரிசிம்பருப்புச் சாதத்தில் நெய் ஊற்றிப் பிசைந்து, சட்டியோடு வைத்துக்கொண்டு தின்ற நாள் ஞாபகம் வந்தது. அந்தப் பசியை ஐந்து வருடமாகப் பார்க்கவில்லை. எவ்வளவு கேலி வாங்கிக் கொடுத்திருந்தாலும் அது அவளுடைய பசி. வரட்டும். வந்தால் சாப்பிடலாம். சாப்பிட்டால் பிழைக்கலாம்.

"அணைங்க சார்."

அர்த்தநாரி விரலால் ஒரு தட்டுத் தட்டினார்.

வலி வந்தது. விலாவுக்கு அடியில் அடுப்புக் கங்கை வைத்தாற்போல் எரிந்தது. கோகிலவாணி நாற்காலியின் கையைப் பற்றிக்கொண்டு மூச்சை இழுத்துவிட்டாள். மகி ஓடிவந்து தோளைப் பிடித்தாள். எரிச்சல் கொஞ்சம் அடங்கட்டும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். பிறகு பசிக்காகக் காத்திருந்தார்கள்.

"அம்மா, பசிக்குதா?"

கோகிலவாணி தனக்குள் தேடிப் பார்த்தாள். "இல்ல கண்ணு."

"கொஞ்சம் சாப்பிட்டுப் பாருங்க" என்றார் அர்த்தநாரி.

அவள் இட்லியைப் பிட்டுச் சட்னியில் தொட்டு வாயில் வைத்தாள். ஐந்து வருடத்தில் முதன்முறையாக ருசித்துத் தின்ன வேண்டும் என்று மனம் ஒருமித்து மென்று விழுங்கினாள். இன்னொரு விள்ளல். மூன்றாவதைத் தூக்கிய கை பாதியில் நின்றுவிட்டது. தொண்டை வரை நிறைந்திருந்தது.

"போதுங்க."

மகிதான் முதலில் திரையைப் பார்த்தாள். நீலத்தின்மேல் மஞ்சள் அப்படியே படிந்து ஓடிக்கொண்டிருந்தது. எண் நூறிலேயே இருந்தது.

அர்த்தநாரி இன்னொரு தடவை தட்டினார். வட்டை எடுத்துத் துடைத்து மறுபடி ஒட்டினார். நர்ஸை அனுப்பி வேறொரு மிஷினைக் கொண்டுவரச் சொன்னார். அதிலும் அதே இரண்டு கோடுகள், அதே நூறு. "சனியன் புடிச்ச மிசின்" என்று முணுமுணுத்தார். இட்லியில் ஆவி நின்றுபோயிருந்தது.

"டாக்டர்" என்றாள் மகி. "கருவி அணைஞ்சிருச்சுதானுங்களே?"

"அணைஞ்சிருச்சு கண்ணு. அதுல சந்தேகமில்லை."

"அப்ப இப்ப ஓடறது எங்கம்மாவோட சொந்த வயிறு மட்டுந்தானுங்க?"

"ஆமா."

"கட்டி இருக்கற வயிறு."

அர்த்தநாரியின் கை மிஷின் மேலேயே இருந்தது.

"அது உங்க அண்ணி வயிறு மாதிரியே இருக்குதுங்களே டாக்டர்" என்றாள் மகி. அவள் குற்றம் சாட்டவில்லை. கண்ணில் பட்டதைச் சொன்னாள், அவ்வளவுதான்.

கோகிலவாணி சுவரில் மாலை போட்டிருந்த அண்ணியின் படத்தைப் பார்த்தாள். ஐந்து வருடத்துக்கு முன்பு அந்த மெலிந்த முகத்தை அமைதி என்று நினைத்திருந்தாள். குழிந்த கன்னமும் துருத்திய கழுத்தெலும்பும் இப்போது அவளுக்கு நன்றாகத் தெரிந்தவை. தினமும் கண்ணாடியில் பார்க்கிறாள்.

"உங்க அண்ணி எப்படீங்க தவறுனாங்க?"

அர்த்தநாரி உட்கார்ந்தார். நாற்காலி எங்கே இருக்கிறது என்று பார்க்காமலே உட்கார்ந்தார்.

"சாப்பாடு செல்லல" என்றார். "அண்ணன் தவறுன வருசம் அது. துக்கத்துல சாப்பிடறதில்லைன்னு நெனச்சோம். அதுக்கு முன்னாடியே அவங்க கொஞ்சமாத்தான் சாப்பிடுவாங்க. எப்பவும் கடைசியா உக்காந்து... யாரு பாத்தா? மெலிஞ்சிட்டே போனாங்க. வயசுக்கு நல்லதுதான்னு நாந்தான் சொன்னேன்."

"உள்ள குழாய் விட்டுப் பாத்தீங்களா சார்?"

"இல்லை."

"நீங்க வயித்து டாக்டராச்சுங்களே."

"வயித்து டாக்டருதானுங்க" என்றார் அர்த்தநாரி. இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

கோகிலவாணிக்கு அவர்மேல் கோபம் வந்தது. கோபம் என்றால் சாதாரணக் கோபமில்லை, அந்த இட்லித் தட்டைத் தூக்கித் திரையில் எறிய வேண்டும் போல் வந்தது. வீட்டில் பதினைந்து பேர். ஒரு பெண் வயிறு நிறைந்து கிடக்கிறது என்று சொல்லியிருக்கிறாள். வலிக்கிறது என்று சொல்லத் தெரியாமல், அல்லது சொன்னால் அடுப்படியை யார் பார்ப்பது என்று நினைத்து, அப்படிச் சொல்லியிருக்கிறாள். பதினைந்து பேரும் நம்பினார்கள். நம்பியதோடு விட்டார்களா? அவளுடைய நோயைப் பதிவு செய்து அதற்கு நிறைவு என்று பேர் வைத்து, ஆயிரமாயிரம் பேர் அதற்கு ஒப்பாக ஆக வேண்டும் என்று மதிப்பெண் போட்டார்கள். அந்தச் சுலோச்சனாம்மாளின் வயிற்றை மட்டும் ஒருவரும் தொட்டுப் பார்க்கவில்லை.

கருவி பழுதாகவில்லை. கோடு அண்ணியைவிட்டு விலகினால் மணி அடிக்கச் சொல்லியிருந்தார்கள். அவளுடைய கட்டி வளர வளர வயிறு அண்ணியை நெருங்கிக்கொண்டேதான் போனது. மணி எதற்கு அடிக்கும்?

மகி மெதுவாக நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அம்மாவின் மடியில் தலையை வைத்தாள். வெள்ளிக்கிழமையைப் பற்றி அவள் எதுவும் பேசவில்லை. பேச வேண்டியிருக்கவும் இல்லை. கோகிலவாணி அவள் தலையைத் தடவிக் கொடுத்தாள். தன்னுடைய பசி இனி வரப்போவதில்லை, பசியில்லாமலே தின்று எட்டு கிலோ சதை போட்டாக வேண்டும் என்பது அப்போதுதான் அவளுக்கு முழுதாகப் புரிந்தது. ஆனாலும் நெஞ்சில் கிடந்த பாறாங்கல் இறங்கியதுபோல் இருந்தது. மகள் தப்பித்தாள். அது போதும் என்று நினைத்தவள், அந்தச் சொல்லை மனத்திலிருந்து அழித்துவிட்டு வேறு சொல் தேடினாள்.

கீழே கூடத்திலிருந்து நாதஸ்வரப் பதிவு கேட்டது. மகி தலையைத் தூக்கினாள்.

"அது என்னங்க டாக்டர்?"

அர்த்தநாரி முகத்திலிருந்து கையை எடுத்தார். கண்கள் சிவந்திருந்தன. "இன்னிக்கு விழா" என்றார். "பொன்னாடை. ஒரு பையன் நூறைத் தொட்டிருக்கறான்."

கோகிலவாணி கால்களை ஊன்றி எழுந்தாள். விலாவுக்கு அடியில் கங்கு எரிந்தது. ஆறிப்போன இட்லித் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"நீங்க சொல்றீங்களா சார், இல்ல நான் சொல்லட்டுங்களா?"

"நானே சொல்றேனுங்க" என்றார் அர்த்தநாரி.

கூடத்தில் பந்தல் போட்டதுபோல் ஜோடனை. சுவரில் நூறைத் தொட்ட பதினோரு பேரின் படங்கள் மாட்டியிருந்தன. பதினோரு முகத்திலும் கன்னம் ஒரே மாதிரி குழிந்திருந்தது. அதில் கடைசி முகம் தன்னுடையது என்று கோகிலவாணிக்குத் தெரியச் சற்று நேரமாயிற்று. மேடையில் மாலையோடு உட்கார்ந்திருந்த பையனுக்கு முப்பது வயதுகூட இருக்காது. பெயர் சபரீஷ் என்று பின்னால் எழுதியிருந்தது. அவன் அம்மாவும் அப்பாவும் முன்வரிசையில் பெருமையில் பூரித்துப் போயிருந்தார்கள். கோகிலவாணியைப் பார்த்ததும் கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. படத்தில் இருக்கிற அக்கா வந்திருக்கிறார், அவர் கையாலேயே பொன்னாடை போர்த்தச் சொல்லலாம் என்று யாரோ சொன்னார்கள். நர்ஸ் பொன்னாடையைத் தட்டில் வைத்து நீட்டினாள்.

கோகிலவாணி அதை வாங்கவில்லை. மேடையேறிப் பையனுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். இட்லித் தட்டை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"ஒரு இட்லி சாப்புடு சாமி. எனக்காவ."

சபரீஷ் வெட்கத்தோடு சிரித்தான். இலைக்குக் குறுக்கே கையை வைத்து மறைப்பதுபோல் தட்டின்மேல் கையை விரித்தான்.

"வேண்டாங்கக்கா" என்றான். "வயிறு நெறஞ்சு கெடக்குது."

அவர்களுக்குப் பின்னால் அர்த்தநாரி ஒலிபெருக்கியை வாங்கி வாயருகே கொண்டுபோனார். குரல் வரவில்லை. டாக்டர் உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்று நினைத்து, கூட்டம் எழுந்து நின்று கைதட்ட ஆரம்பித்தது.